பார்த்து வைத்த வீடு பறிபோன பிறகு: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் 26 வருடம் இருந்துவிட்டு, இப்போது மஞ்சக்குப்பத்தில் வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பார்த்துச் சொல்கிறேன். வாங்கி முடித்தவர்கள் ஸ்வீட் பெட்டியோடு வந்து பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். வாங்க முடியாமல் போனவர்கள்தான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்த முறை அவர்களின் கேள்விகள் மட்டும்.

கூத்தப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை 48 லட்சத்துக்குப் பேசி முடித்து, ஒரு லட்சம் ரொக்கமாக டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். எழுத்து எதுவும் இல்லை. இருபது நாள் கழித்து, 52 லட்சத்துக்குக் கேட்டவருக்குக் கிரயம் செய்துகொடுத்துவிட்டார். பையனைப் பள்ளியில் விட தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். வயிறு எரிகிறது. வழக்குப் போட்டால் வீடு கிடைக்குமா?
- வாசகி, கடலூர்

கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், அம்மா. ஆறுதலுக்காக வேறு மாதிரி சொன்னால், நீங்கள் இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைவீர்கள்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் என்ன விலை, எத்தனை நாள் கெடு, மீதிப் பணம் எப்போது என்பதையெல்லாம் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும், இரண்டாவதாக வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்க முடியாது. பதிவாகாத ஒப்பந்தத்தையும் ‘ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு’ என்று போடும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களிடம் ஒரு தாளும் இல்லை. போதாததற்கு, உங்கள் பேச்சு தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கியவருக்குச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

பணத்தை விடாதீர்கள். ‘நான் கொடுத்த ஒரு லட்சத்தை எப்போது தருவீர்கள்’ என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று ஒரு பதில் வந்தால் போதும், அதுவே உங்கள் எழுத்து. புரோக்கர் கூட இருந்தாரா? அவர் சாட்சி. நழுவினால் வக்கீல் நோட்டீஸ். பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் ஆறப்போடாதீர்கள். அப்புறம், வீடு, மனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவர் தலையில், வாங்கிய தொகை அளவுக்கே. இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். உங்கள் வக்கீலிடம் சொல்லிவைத்தால் போதும்.

தெரு விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இரண்டு மாதம் சுற்றிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை. ஃபிரிட்ஜ் எந்த மூலை, வடகம் காயப்போட எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்திருப்பீர்கள். மனதளவில் குடிபோய்விட்ட வீட்டிலிருந்து வெளியே வந்திருக்கிறீர்கள். ‘போனால் போகிறது, அது வெறும் வீடுதானே’ என்று சொல்கிற சொந்தக்காரர்களிடம் கொஞ்ச நாள் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

நானும் ஒன்றை விட்டவன்தான். 1999-ல், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் திண்ணை வைத்த ஓட்டு வீடு. 25,000 ரூபாய் குறைத்தால்தான் ஆச்சு என்று வீம்பு பிடித்தேன். போய்விட்டது. ஒரு வருடம் கோயிலுக்கே வேறு தெரு வழியாகப் போனேன். ஒருநாள் துணிந்து போனால் திண்ணையையும் காணோம், ஓட்டையும் காணோம், வரிசையாக நாலு கடை. அதோடு சரி.

‘ஆடி முடியட்டும்’ என்று என் மனைவி சொன்னதால் தள்ளிப்போட்டேன். ஆவணி முதல் வாரம் போனால் வீடு விற்றுவிட்டது. இரண்டு மாதமாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு யார் மேல்?
- வாசகர், முத்தியால்பேட்டை

உங்கள் மேல், சார். ஆடியில் குடிபோகக் கூடாது என்பார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடக்கூடாது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. சரி, நாள் பார்க்கிற வீடு என்றால் ஆடிப்பெருக்கு இருக்கிறதே, அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்க ஆள் வராத மாதம் அது, விலை பேச நல்ல நேரம். பத்திரம் பார்ப்பதற்கும் முப்பது நாள் கையில் இருந்தது. மனைவி சொன்னபோது நீங்களும் தலையாட்டிவிட்டு இப்போது பழியை மட்டும் அவரிடம் கொடுக்கிறீர்கள்.

பேச ஆரம்பிக்க ஒரு வழி சொல்கிறேன். போன வீட்டில் பிடித்த மூன்று விஷயங்களை இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். என்னிடம் வந்த தம்பதிகளில் பாதிப் பேர் தாளில் கணவர் ‘விலை, பஸ் ஸ்டாண்டு பக்கம்’ என்று எழுதியிருப்பார், மனைவி ‘நல்ல தண்ணீர், பக்கத்து வீட்டம்மா’ என்று எழுதியிருப்பார். ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு வீடு தேடியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்குப் போகுமுன் அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

குருசுக்குப்பத்தில் பழைய வீடு. மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில். ‘வாரிசு விவரம் போதாது’ என்று வங்கி வக்கீல் எழுதிவிட்டதால் கடன் கிடைக்கவில்லை. கையில் பணம் வைத்திருந்த ஒருவர் வாங்கிவிட்டார். வங்கி என் ஆசையில் மண் போட்டுவிட்டது.
- வாசகர், புதுச்சேரி

வங்கிக்காரன் வங்கிக்காகத்தான் பேசுவான் என்று நினைப்பீர்கள். இருந்தாலும் கேளுங்கள்.

புதுச்சேரியில் பழைய வீடு என்றால் பத்திரம் பிரெஞ்சில் இருப்பது ஒரு சிக்கலே இல்லை, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள். சிக்கல் அந்த வீடு எந்தச் சட்டப்படி கைமாறியது என்பதில். 1881-ல் வந்த ஆணைப்படி, தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. ரெனோன்சான் என்பார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் அவர்கள் வழிவந்தவர்களின் வாரிசு விஷயங்களில் அந்தச் சட்டமே பேசுகிறது. அதில் பிள்ளைகளுக்கென்று கட்டாயப் பங்கு ஒன்று உண்டு. அப்பா முழு வீட்டையும் ஒருவருக்கே உயில் எழுதிவைத்துவிட முடியாது. நம் பக்கத்து வக்கீல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பங்கே மாறிவிடும்.

இன்னொன்று, இணைப்புக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் கிரயம் ஆகியிருந்தால், பத்து வருடம் கழித்து அந்தப் பங்கைக் கேட்டுக்கொண்டு வருவார். வருவார் என்று நிச்சயமில்லை, ஆனால் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் என்றால், அது இங்கே வந்து சேர்ந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கியவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், சுகமாகவே இருக்கலாம். ஆனால் இருபது வருடம் தவணை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பதிவுத் தபாலுக்கும் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? அந்த வக்கீலின் ஒப்பீனியன் நகலை வங்கியில் கேட்டுப் பாருங்கள். தந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்த பழைய வீட்டுக்காரரிடம் முதல் நாளே என்ன கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

அண்ணன் ஒருவரே விற்கிறார் என்று நம்பி 5 லட்சம் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். இப்போது அவர் தங்கை கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அந்தப் பெண்ணால் எங்கள் வீடு போயிற்று.
- வாசகர், நெல்லிக்குப்பம்

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். அது அவர் பங்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை வந்துவிட்டது, 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. அப்பாவின் சொந்தச் சொத்தாக இருந்து உயில் இல்லாமல் போயிருந்தால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழை முன்பே கேட்காதது உங்கள் தவறு. மறைத்தது அண்ணன். பணத்தை அவரிடம் கேளுங்கள், முடிந்தால் நோட்டீஸோடு.

பில்டரிடம் 45 லட்சம் ஃபிளாட்டுக்கு 5 லட்சம் கட்டினேன், ஒப்பந்தம் பதிவாகவில்லை. ‘திட்டம் கைவிடப்பட்டது, வட்டி இல்லாமல் திருப்பித் தருகிறோம்’ என்கிறார்கள்.
- வாசகி, லாஸ்பேட்டை

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்துக்குள் வருகிற திட்டமா என்று முதலில் பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டர், வீடுகள் எட்டு என்ற வரம்புகளை வைத்து அது முடிவாகும். வந்தால், ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியதே தப்பு, உங்கள் கணக்கில் அது 4.5 லட்சம். புதுச்சேரிக்குத் தனி ரெரா ஆணையம் இருக்கிறது. வட்டியும் கேட்டுப் புகார் கொடுங்கள். வருத்தப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

செம்மண்டலத்தில் 60 லட்சம் வீடு. பத்திரத்தில் 40 தான் போடுவேன் என்றார். ஒத்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் பணம் புரட்ட முடியவில்லை. எனக்கு வீட்டு ராசியே இல்லையா?
- வாசகர், கடலூர்

ராசியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். 30 முதல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. பத்திரத்தில் 40 என்றால் அந்த 40-ஐ வைத்துத்தான் வங்கி பார்க்கும், 32 லட்சம் வரும். மீதி 28-ஐயும், 9 சதவீத முத்திரை, பதிவுச் செலவு 3.6 லட்சத்தையும் நீங்கள் போட வேண்டும். மொத்தம் 31.6 லட்சம். உண்மை விலையைப் போட்டிருந்தால் 48 லட்சம் கடன், கையிலிருந்து 12, பதிவுச் செலவு 5.4, ஆக 17.4 லட்சம். 14 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். குறைத்துப் போடுவது குற்றம் என்பது ஒரு பக்கம், அந்த வீட்டை உங்களால் வாங்க முடியாமல் செய்ததே அந்த 40 தான். உங்கள் சம்பளத்துக்கு 48 லட்சம் கடன் வருமா என்பதை மட்டும் முதலில் வங்கியில் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

என் மகன் மூன்று வீடுகளைக் கோட்டை விட்டான். ‘அடுத்ததை என்ன விலையானாலும் வாங்குவேன்’ என்கிறான். இப்போது பாண்டி ரோட்டில் பார்க்கிறான். என்ன சொல்லித் தடுப்பது?
- ஒரு தந்தை, புதுப்பாளையம்

தடுக்காதீர்கள், ஐயா. தடுத்தால் ரகசியமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவான். ஆனால் இந்த வேகத்தைப் புரோக்கர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ‘சார், சென்னைப் பார்ட்டி ஒண்ணு நாளைக்கு வருது’ என்று ஒரு வார்த்தை போதும்.

அந்த மூன்று வீடும் கடைசியில் என்ன விலைக்குப் போயின என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சொத்துக்கு வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பத்திர விலை முழு உண்மையாக இருக்காது, இருந்தாலும் ஒரு அளவு தெரியும். ஒன்றிலாவது ‘நல்லவேளை, இந்த விலைக்கு நான் வாங்கவில்லை’ என்று தோன்றும். அந்தக் கணத்தில் உச்ச விலை ஒன்றை எழுதி வாங்கி உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டி ரோட்டில் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கே எல்லை வளைந்து வளைந்து போகும். ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், கொஞ்சம் தள்ளிக் கன்னியக்கோயில் புதுச்சேரி. முத்திரைக் கட்டணம், பதிவு அலுவலகம், ரெரா எல்லாமே வேறு. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன 2012 விதியும் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். மனை எந்தப் பக்கம் என்பதைப் புரோக்கர் வாயால் கேட்காமல் பத்திரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கியவரிடமே போய், விற்பீர்களா என்று கேட்கலாமா?
- வாசகர், வண்டிப்பாளையம்

ஒரே ஒரு முறை கேளுங்கள். நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கிரகப்பிரவேசத்தன்று மட்டும் போகாதீர்கள்.

சார், இதை யாரிடமும் சொன்னதில்லை. ரெயின்போ நகரில் எங்கள் கை நழுவிப்போன வீட்டுக்குள் ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கெட்டவளா?
- வாசகி, புதுச்சேரி

இல்லை, அம்மா. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலில், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில வாரங்களில் என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் நாலைந்து பேர் இதையே சொன்னார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒருவர் கதவைச் சாத்திவிட்டு. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்துவிடவில்லை. எங்கேயாவது பார்த்தால் ஒரு வார்த்தை விசாரியுங்கள், தானாகக் கரைந்துவிடும்.

கடலூர்ப் பக்கம் தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதே வாரம் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இங்கேயும் பல தெருக்களுக்குள் புகுந்தது. அதனால் சித்திரை வெயிலில் வீடு பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் காலையில் வாருங்கள். காம்பவுண்டு சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக அந்தச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால், எதிர் வீட்டுச் சுவரைப் பாருங்கள்.