வாசகர் கேள்வி பதில்: ஏரிக்கடியில் கிடக்கும் கப்பல்கள்

கேள்வி: வட அமெரிக்கப் பேரேரிகளில் நூறு வருடத்துக்கு முன் மூழ்கிய மரக்கப்பல்கள் பாய்மரத்தோடு நிற்கின்றனவாமே, மக்கிப் போகாதா? (வாசகி, ஸ்கார்பரோ)

உண்மைதான். 1894-இல் மோதலில் மூழ்கிய ‘அயர்ன்டன்’, 2019-இல் ஹூரான் ஏரியில் அகப்பட்டபோது மூன்று பாய்மரங்களும் நின்றபடி இருந்தன. கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு நன்னீரில் பிழைக்காது. ஆழத்தில் தண்ணீரும் ஆண்டு முழுக்க 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். இப்போதைய எதிரி குவாகா மட்டிகள். அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு எடையாலேயே மரத்தை முறிக்கின்றன. கால்சியம் குறைந்த சுப்பீரியர் ஏரியில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: படகில் சைடு ஸ்கேன் சோனார் (கேபிளில் கட்டித் தண்ணீருக்குள் இழுக்கும், இரு பக்கமும் ஒலி அனுப்பித் தரையைப் படம்பிடிக்கும் கருவி) வைத்து இழுத்தால் கப்பல் கிடைத்துவிடுமா? (வாசகர், விண்ட்ஸர்)

முதலில் காகித வேலை. பழைய செய்தித்தாள்கள், உயிர்மீட்பு நிலையக் குறிப்பேடுகள், வலை சிக்கும் இடம்பற்றி மீனவர் வைத்திருக்கும் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு தேடும் பரப்பைச் சுருக்குங்கள். தப்பிப் பிழைத்தவர் சொன்ன தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம்; புயல் இரவில் குத்துமதிப்பாகச் சொன்னது அது.

பரப்பு 5க்கு 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். சோனார் பக்கத்துக்கு 100 மீட்டர் பார்த்தால், 150 மீட்டர் இடைவெளியில் 27 ஓட்டம், மொத்தம் 135 கிலோமீட்டர். மூன்றரை நாட் (மணிக்குச் சுமார் 6.5 கிலோமீட்டர்) வேகத்தில், திரும்பும் நேரம் போக, 21 மணி நேரம். கருவி தரையிலிருந்து 10 முதல் 20 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். திரும்பும்போது வேகம் குறைந்தால் கருவி தாழ்ந்து தரையில் மோதும். திரும்புவதற்கு முன்பே கேபிளைச் சுருட்டுங்கள். கோடையில் மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்நீர் என்று பிரிந்திருக்கும் எல்லையில் ஒலி வளையும். கருவி அதற்குக் கீழே இருந்தால்தான் படம் தெளியும்.

பலர் கோட்டை விடுவது இடக்கணக்கில். ஜிபிஎஸ் படகில் இருக்கிறது, கருவியோ பின்னால் வருகிறது. 150 மீட்டர் கேபிள் விட்டு, கருவி 50 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அது ஏறக்குறைய 140 மீட்டர் பின்தங்கும். திருத்தாமல் வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை ஓடினால் ஒரே கப்பல் 280 மீட்டர் இடைவெளியில் இரண்டாகத் தெரியும்!

படத்தில் பொருளைவிட அதன் நிழலை (பொருள் மறைப்பதால் ஒலி படாத பகுதியை) பாருங்கள். கருவி 15 மீட்டர் உயரத்தில், பொருள் 60 மீட்டர் தள்ளி, நிழல் 30 மீட்டர் என்றால் பொருளின் உயரம் 15×30÷(60+30), அதாவது 5 மீட்டர். நேர்கோடும் இணைவிளிம்பும் இருந்தால் பாறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. குறுக்குவாட்டில் இன்னொரு ஓட்டம் ஓடி உறுதி செய்யுங்கள்.

கேள்வி: கடலில் டைவிங் பழகியவன் நான். ஏரியில் என்ன மாறும்? (வாசகர், புதுச்சேரி)

ஆளும் சாமானும் 100 கிலோ என்றால், நன்னீரில் மிதப்பு குறைவு என்பதால், அதே உடையில் மூழ்குவதற்குக் கட்டும் ஈயம் சுமார் 2.5 கிலோ குறையும். டிரை சூட் (நீர் புகாத உடை) போட்டால் ஈயம் மறுபடி அதிகம் தேவைப்படும். கரையோரம் மிதந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய ஆபத்து, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் உறைவது. அழுத்தம் இறங்கும் காற்று குளிர்கிறது. நன்னீர் 0 டிகிரியிலேயே உறைவதால் பனி வால்வை அடைத்து, மூடவிடாமல் காற்று கொட்டும். குளிர்நீருக்கென மூடி அடைத்த முதல்நிலை (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருந்தும் பகுதி), தனித்தனி வால்வில் இரண்டு ரெகுலேட்டர் வேண்டும். தண்ணீருக்கு மேலே ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள். தனிப் பயிற்சி இல்லாமல் கப்பலுக்குள் நுழையவே வேண்டாம்.

கேள்வி: நினைவுக்கு ஒரு சிறு பொருள் எடுத்து வரலாமா? (வாசகி, மிசிசாகா)

கூடாது. ஒன்டாரியோவில் உரிமம் வேண்டும். அமெரிக்கப் பக்கம் 1987 சட்டப்படி கைவிடப்பட்ட கப்பல்கள் பெரும்பாலும் மாநில அரசின் உடைமை. நங்கூரத்தையும் கப்பல்மேல் போடாதீர்கள், மிதவை இருந்தால் படகை அதில் கட்டுங்கள்.