ஃபால்ஸ் சீலிங் வேலை: எங்கே கற்பது?

கேள்வி: வயது 19. ஜிப்சம் போர்டு சீலிங், பார்ட்டிஷன் வேலை கற்க ஆசை. பயிற்சி மையமா, நேராக மேஸ்திரியிடமா?

பதில்: சம்பளத்தோடு கற்றுத்தரும் அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள், சான்றிதழும் கைப்பழக்கமும் ஒன்றாக வரும். அது அமையாவிட்டால் மேஸ்திரியிடம் போகலாம். ஆரம்பத்தில் போர்டு சுமப்பதும் குப்பை அள்ளுவதுமாகத்தான் இருக்கும், சோர்ந்துவிடாதீர்கள். ஆனால் மாதக்கணக்கில் ஸ்க்ரூ கன்னைத் தொடவே விடவில்லை என்றால் தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்த வேலையின் உயிரே இரண்டு போர்டுகள் சேரும் ஜாயின்ட்டில்தான். ஸ்க்ரூ தலை போர்டின் மேல்காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே இறங்க வேண்டும். கிழிந்தால் பிடிமானம் போச்சு. அப்புறம் ஜாயின்ட்டில் டேப், அதன்மேல் காம்பவுண்ட் (ஜாயின்ட்டை மூடும் பூச்சுக் கலவை), பொதுவாக 3 பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, முந்தையது நன்றாகக் காய்ந்த பிறகு. முடித்ததும் டார்ச்சை சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். வெட்டிப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, இதையே திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

காய்ந்த காம்பவுண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். கூட வேலை செய்பவர்கள் போடவில்லை என்றாலும் நீங்கள் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.