சின்ன நாய்க்கு உணவை மாற்றியதும் வயிறு கெட்டுவிட்டது. பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாமா?

உடனே திரும்ப வேண்டாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நாய்க்கு யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். "நான் மட்டும்தான் சாப்பாடு வைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் டாக்டரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல, சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவன். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியாக இருந்து, வாந்தியும் ரத்தமும் கடும் நாற்றமுமாகப் போகிறது என்றால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். அது பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வயது, நான்கு கிலோ, தண்ணீர் குடிக்கிறது, பந்தைத் துரத்துகிறது, வயிற்றால் மட்டும் போகிறது என்று. அப்படியானால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

எங்களுடையது பொமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் இண்டியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் வெள்ளையாகப் புசுபுசுவென்று இருந்தால் எல்லாமே பொமரேனியன்தான். ஐந்து கிலோ. மகள் ப்ரூனோ என்று பெயர் வைத்தாள். என் அப்பா வாயில் அது நுழையாமல் 'பூரணா' ஆகி, இப்போது அந்தப் பெயருக்குத்தான் வால் ஆடுகிறது. இரண்டு வருடம் தயிர்ச் சோறும் அவித்த முட்டையும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் பிசைந்த சோறுமாகத்தான் வளர்ந்தது.

தீபாவளிக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த மகள் அந்தக் கறிக்குழம்புச் சோற்றைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் திட்டினாள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷமாம், ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். நான் நம்பவில்லை. பிறகு டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். யோசித்துப் பாருங்கள், நம் பக்கத்து வீடுகளில் மிஞ்சிப்போய் நாய்க்கு விழுவது பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சோறு. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? சரி, அவள் சொன்னபடி ஈரோட்டில் மூன்று கிலோ நாய்த் தீனி வாங்கிவந்தேன். அன்று இரவே தட்டு நிறைய வைத்தேன். அது ஒரு உருண்டை மிச்சமில்லாமல் தின்றது. எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் கூழ் ஊற்றினமாதிரி கிடந்தது.

அதற்கடுத்த சில நாள் நான் செய்த ஒவ்வொன்றும் தப்பு. இந்தத் தீனி சரியில்லை என்று வேறு கம்பெனித் தீனிக்கு மாற்றினேன். அதற்கும் நிற்கவில்லை என்று பாலும் பிரெட்டும் கொடுத்தேன். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். ஏற்கெனவே கெட்டிருக்கும் வயிற்றுக்குப் பால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். அப்புறம், இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், வீட்டிலிருந்த மனிதர் மாத்திரையில் பாதியை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கை நிறுத்தும் அந்த மாத்திரை சில சாதி நாய்களுக்கு மூளை வரைக்கும் போய்விடும், காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போடுகிற மாத்திரைகள் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ முடித்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. மருந்துப் பெட்டியில் கை வைக்காதீர்கள். தயவுசெய்து.

ஐந்தாம் நாள் சளியோடு ரத்தப் பொட்டு தெரிந்தது, இரண்டு முறை வாந்தியும் எடுத்தது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இல்லை, கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். குறை சொல்லவில்லை, நம் ஊரில் மாடுதான் முதலில். நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்து, கடைசியில் ஈரோட்டிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் செய்ததில் இரண்டை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தோள்பட்டைக்கு மேல் தோலைச் சேர்த்துத் தூக்கி விட்டார். உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது, கூடாரம்மாதிரி நின்றுவிட்டு மெல்ல இறங்கினால் நீர் வற்றியிருக்கிறது. அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். எங்களுடையதின் ஈறு பிசுபிசுவென்று இருந்தது. மலத்தை எடுத்துப் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. தோலுக்கடியில் சலைன் ஏற்றி, வாந்திக்கு ஓர் ஊசி போட்டு, குடலுக்கு நல்ல கிருமிகள் சேர்ந்த ஒரு பொடி கொடுத்தார்.

பட்டினி போடட்டுமா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள். குட்டியையும் இத்தனை சின்ன நாயையும் நீண்ட நேரம் பட்டினி போடக்கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்றார். தோலும் எலும்பும் எடுத்த கோழிக்கறியை உப்பு, மசால் எதுவும் போடாமல் வேகவைத்து, குழைய வடித்த சோற்றில் பிசைந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொன்னார். அதோடு வேகவைத்து மசித்த அரசாணிக்காய் (பரங்கிக்காய்) ஒரு ஸ்பூன். மூன்றாம் நாள் மலம் கட்டியானது. நான்காம் நாளிலிருந்து, முதலில் வாங்கிய அதே தீனியைக் கால் பங்கு கலந்து மூன்று நாள், அரைப் பங்கு மூன்று நாள், முக்கால் பங்கு மூன்று நாள் என்று ஏற்றச் சொன்னார். புதுச் சாப்பாட்டைச் செரிக்கக் குடலும் அதிலிருக்கும் கிருமிகளும் பழக அத்தனை நாள் ஆகுமாம். நான் அதை ஒரே ராத்திரியில் செய்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று. "ஊரெல்லாம் நாய் ஆட்டைக் கடித்துக் கொல்கிறது, இவனுக்கு நாய் வயிற்றுக்கு வைத்தியம் கேட்கிறதா" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். என் மச்சான் ஏற்கெனவே நேரிலேயே கேட்டுவிட்டான். என் சித்தப்பா பட்டியில் ஒரே ராத்திரியில் ஏழு ஆடு போயிற்று. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்தபோது நானும் போய் உட்கார்ந்தவன்தான். சென்னிமலை, காங்கயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு அந்த வலி தெரியும். ஆனால் அந்த நாய்கள் எதைத் தின்று இத்தனை பெருகின? கீழ்பவானி வாய்க்கால் கரையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அவர்களை யாராவது ஒரு நாள் மறித்தோமா? அந்த நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம், அவ்வளவுதான். கழிவு கிடைக்காத நாளில் அந்தக் கூட்டம் பட்டிக்குள் புகுகிறது. இதற்கும் என் வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டிருக்கும் ஐந்து கிலோ நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"அந்தக் காலத்தில் பட்டி நாய்க்குக் களியும் கம்பஞ்சோறும்தான், அதற்கென்ன வயிறா கெட்டது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டிருக்கும். காட்டுக்குள் போய் வெளிக்கு இருந்துவிட்டு வந்த நாயின் பின்னாலேயே போய் யார் பார்த்தோம்? இது டைல்ஸ் மேல் போகிறது, அதனால் தெரிகிறது. வீட்டுச் சாப்பாடு தப்பு என்று நான் சொல்லவேயில்லை. எதிலிருந்து எதற்கு மாறினாலும் மெல்ல மாறுங்கள் என்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். அரைப் பங்கு வரை நன்றாகப் போயிற்று. எட்டாம் நாள் மறுபடி கூழ். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "வேற யாராவது ஏதாவது குடுக்கறாங்களாங்க?" என்றார். "இல்லவே இல்லைங்க, நான் ஒருத்தன்தான்" என்றேன். போனை வைத்ததும் எனக்குக் கோபம் தீனி மேல் திரும்பியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் நின்றிருக்க, பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். கல்லாவில் இருந்தவன் சின்னப் பையன், என் மகள் வயதுதான் இருக்கும். "தேதி பாருங்ணா, இன்னும் பதினோரு மாசம் இருக்குதுங்ணா" என்று மூட்டையைத் திருப்பிக் காட்டினான். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே, தேதியை மாற்றி ஒட்டியிருப்பீர்கள் என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தறியில் ஒரு பழுது என்று அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ டம்ளர், ஒரு பொட்டலம் வர்க்கி. ஒன்றை டீயில் நனைத்துத் தான் கடித்தார். அடுத்ததை நனைத்து, உதிராமல் கையை ஏந்திக்கொண்டு பூரணாவுக்கு நீட்டினார். அதுவும் ஆட்டுக்குட்டிமாதிரி மடியில் முன்கால் வைத்து நின்று வாங்கிக்கொண்டது. எத்தனை நாள் பழக்கம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஏனுங்ப்பா, எத்தனை குடுத்தீங்க?"

"நாலோ அஞ்சோ. முன்னயெல்லாம் ஒரு துண்டுதேன். நீ அந்தக் காஞ்ச உருண்டையப் போட ஆரம்பிச்சியல்லோ, அதத் தின்னுட்டு வாயில்லா சீவன் எப்படிச் சாமி உசுரு வெச்சிருக்கும்?"

அதுதான் விஷயம். இரண்டு வருடமாக ஒரு துண்டு போன வயிற்றில், தீனி வந்த நாள் முதல் பரிதாபத்தில் நான்கைந்து முழு வர்க்கி போயிருக்கிறது. டாக்டரம்மா கோழிச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொன்ன மூன்று நாளும், பாவம் என்று அப்பா இன்னும் ஒன்று சேர்த்துக் கொடுத்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வர்க்கியில் கொழுப்பு ஏகத்துக்கு இருக்கிறது. ஐந்து கிலோ நாய் நான்கு வர்க்கி தின்பது, எடைக்கு எடை பார்த்தால் அறுபது கிலோ ஆள் ஒரே மூச்சில் நாற்பத்தெட்டு தின்பதற்குச் சமம். கொழுப்பு அதிகமானால் சின்ன நாய்களுக்குக் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடலாம், முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கும்பிடுகிறமாதிரி நின்றால் வயிற்றுவலி என்று அர்த்தம், உடனே கூட்டிவாருங்கள் என்று பிறகு டாக்டரம்மா எச்சரித்தார்.

அப்பாவுக்கு எண்பத்தொன்று. அம்மா போன பிறகு அந்த விடியற்காலை டீக்கு அவருக்குத் துணை அந்த நாய் மட்டும்தான். கொடுக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். தீனி மூட்டையின் பின்னால் எடைக்கு எத்தனை கிராம் என்று அட்டவணை இருக்கிறது, எங்களுடையதுக்கு ஒரு நாளைக்கு 95 கிராம். நான் அதுவரை ஒரு சொம்பில் கண்மதிப்பாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்துப் பார்த்தால் 150 கிராம்! இப்போது அவள் காலையிலேயே 95 கிராம் நிறுத்து, அதில் ஒரு பங்கைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுகிறாள். அப்பா டீ குடிக்கும்போது அதிலிருந்து ஒவ்வொரு உருண்டையாகக் கொடுக்கிறார். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாய் அதையும் அதே ஆசையோடு வாங்கித் தின்றதைப் பார்த்தபின் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து தைப்பூசத் தேர் வந்துவிட்டது, இதுவரை வயிறு கெடவில்லை. வாரத்துக்கொரு முறை அப்பா ஒரு துண்டு இட்லி கொடுப்பது எனக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருக்கிறேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு: இப்போதைக்குக் கோழிச் சோறு, மூன்று நாளில் கட்டிப்பட்டால் புதுத் தீனியைக் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். கட்டிப்படாவிட்டாலும், நடுவில் வாந்தி, ரத்தம், தார்மாதிரிக் கறுப்பு மலம், தண்ணீர்கூட வேண்டாம் என்று சுருண்டு படுப்பது, ஈறு வெளுப்பது என எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். பால், மனிதர் மாத்திரை, பாயசத்துத் திராட்சை எதுவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு நாள் ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள்.

திருப்பிக் கொடுத்தேனே, அதே கம்பெனி மூட்டையைத்தான் மறுபடி அதே கடையில் வாங்குகிறோம். மனைவிதான் உள்ளே போகிறாள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு, போன் பேசுகிறமாதிரி நின்றுகொண்டிருப்பேன்.