வகுப்பு, மாநிலம், விசா: மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோரிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே வரிதான்: "என் பையன் ஹைஸ்கூலில் படிக்கிறான், காலேஜுக்கு என்ன செய்யலாம்?" எந்த வகுப்பு? எந்த மாநிலம்? எச்-4 விசாவா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது), கிரீன் கார்டா, சிட்டிசனா? ஒன்பதாவதுக்குச் சொல்லும் பதிலைப் பன்னிரண்டாவதுக்குச் சொன்னால் குடி முழுகிப் போகும். இந்த மூன்றும் இல்லாத கடிதங்களை இனி ஓரமாக வைத்துவிடுவேன். போன தடவையும் இதையேதான் சொன்னேன்.

கேள்வி (மேரிலாந்து, பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா): தன்னார்வப் பணி எத்தனை மணி நேரம் காட்டினால் நல்ல காலேஜ் கிடைக்கும்? 300 போதுமா, 500 வேண்டுமா?

பதில்: எந்தக் காலேஜும் இத்தனை மணி நேரம் என்று கோடு போட்டு வைக்கவில்லை. கோடு போட்டிருப்பது உங்கள் மாநிலம். மேரிலாந்தில் 75 மணி நேர சேவைக் கல்வி இல்லாமல் ஹைஸ்கூல் டிப்ளமாவே கிடையாது. பக்கத்தில் வாஷிங்டன் டி.சி.யில் அது 100. ஃப்ளோரிடாவில் பிரைட் ஃப்யூச்சர்ஸ் என்ற மாநில உதவித்தொகையின் உச்ச நிலைக்கு 100 மணி நேர சேவை கேட்கிறார்கள், அதற்குப் பதிலாக 100 மணி நேரச் சம்பள வேலையும் செல்லும். அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஒரே உணவு வங்கிக்கு இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் போன பிள்ளையிடம் சொல்வதற்குக் கதை இருக்கும். பன்னிரண்டு இடங்களில் தலைகாட்டிய பிள்ளையிடம் பன்னிரண்டு டி-ஷர்ட்தான் இருக்கும்.

அப்புறம், கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். பன்னிரண்டாவதில் தேடிப் போகும்போது அந்தப் பொறுப்பாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

கேள்வி (டெக்சாஸ், ஒன்பதாம் வகுப்பு, அப்பா): என் மகளுக்குத் தங்க முத்திரை போட்ட கடிதம் வந்திருக்கிறது. வருங்காலத் தலைவர்கள் மாநாட்டுக்கு அவளைப் பரிந்துரை செய்திருக்கிறார்களாம். ஒரு வாரம், சுமார் 3,500 டாலர், விமானச் செலவு தனி. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். இது எவ்வளவு பெரிய கௌரவம்?

பதில்: கௌரவம் உங்களுக்கல்ல, உங்கள் கிரெடிட் கார்டுக்கு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள். நான் கவுன்சிலர் வேலைக்கு வருவதற்கு முன், சாஃப்ட்வேரில் இருந்த காலத்தில், என் மகனுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. தடிமனான காகிதம், கையால் போட்டது போலவே அச்சான கையெழுத்து. ஊரில் தாத்தா பாட்டிக்கு ஃபோன் போட்டுச் சொன்னோம். கேசரி கிண்டினேன். முன்பணமும் கட்டியாயிற்று. அடுத்த வாரம் ஒரு பாட்லக்கில் பேச்சோடு பேச்சாகப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அங்கிருந்த ஆறு வீடுகளில் நான்கு வீட்டுக்கு அதே கடிதம், அதே முத்திரை. முன்பணம் திரும்பி வராது என்பதால் அவன் போயும் வந்தான். கழுத்தில் ஒரு பட்டையும், லிங்கன் நினைவகத்தின் முன்னால் எடுத்த ஒரு படமும் கொண்டுவந்தான். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டாம் என்று சொன்னது அவன்தான்.

பெயர் எப்படிக் கிடைத்தது என்று வியக்காதீர்கள். பள்ளியில் நிரப்பும் கருத்துக்கணிப்பு, தேர்வின்போது "என் விவரங்களைப் பகிரலாம்" என்று போடும் ஒரு டிக், அது போதும். முகவரிப் பட்டியல் ஒரு சரக்கு.

இப்படி எது வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பரிந்துரைத்த ஆசிரியரின் பெயர் என்ன? விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள்? பணம் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? எம்ஐடி வளாகத்தில் ஆறு வாரம் நடக்கும் ஆர்எஸ்ஐ ஆராய்ச்சி முகாமில் இந்த மூன்றுக்கும் பதில் உண்டு. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், எடுப்பது நூறு பேரைத்தான், படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். உங்கள் கடிதத்தில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா, பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்ததோடு வந்ததாக. கோடையில் பெரிய பல்கலைக்கழகங்களின் விடுதிகள் காலியாக இருக்கும். வெளி நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தும். விளம்பரத்தில் அந்த வளாகத்தின் மணிக்கூண்டு இருக்கும். அங்கே இருக்கும் அட்மிஷன் ஆஃபீசுக்கும் இந்த முகாமுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல்கலைக்கழகமே நடத்தும் கோடை வகுப்புகளிலும் பல, பணம் கட்டினால் இடம் என்ற வகைதான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் டாலர் என்று போகும். அட்மிஷனில் இதற்குத் தனிச் சலுகை கிடையாது. பிள்ளைக்கு ஆசை, கையில் காசும் இருக்கிறது என்றால் போகட்டும், துணி துவைக்கவாவது கற்றுக்கொண்டு வரும். ஆனால் அதை விடுமுறைச் செலவில் எழுதுங்கள், சாதனைக் கணக்கில் எழுதாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரையை "ஆராய்ச்சி இதழில்" போடும் வியாபாரத்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி (கலிஃபோர்னியா, பதினொன்றாம் வகுப்பு): அப்படியானால் இலவசமாக என்னதான் இருக்கிறது?

பதில்: இருக்கிறது, ஆனால் வரிசை நீளம். எம்ஐடியின் மைட்ஸ் கோடைத் திட்டம் பதினொன்றாவது படிப்பவர்களுக்கு, படிப்புக்கும் தங்குவதற்கும் செலவில்லை. டெல்லுரைடு அசோசியேஷனின் கோடைக் கருத்தரங்கு இலக்கியம், சமூகம் பக்கம் மனம் போகும் பிள்ளைகளுக்கு, அதுவும் இலவசம். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கிளார்க் ஸ்காலர்ஸ் திட்டம் ஆண்டுக்கு ஒரு டஜன் பேரை எடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறது. இவற்றின் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே மூடிவிடும். ஏப்ரலில் விழித்துக்கொண்டு என்னைக் கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் விசாத் தகுதியை முதலில் படியுங்கள்.

இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளூர் நூலகத்தின் பதின்வயதினர் குழு, தேர்தல் நாளில் வாக்குச்சாவடி உதவி (பல மாநிலங்களில் 16 வயதானால் எடுப்பார்கள், காசும் தருவார்கள்), வீட்டிலிருந்தே ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்வது என்று வேலைக்கா பஞ்சம்?

கேள்வி (நார்த் கரோலினா, எச்-4, பதினொன்றாவது): மகனுக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சேரலாமா? இல்லாவிட்டால் மாமாவின் கம்பெனியில் சம்பளமில்லாமல் உட்காரட்டுமா?

பதில்: விசாவைக் குறிப்பிட்டதற்கு நன்றி. சம்பள வேலை கூடாது. மாமா கம்பெனி யோசனை அதைவிட வம்பு. மற்றவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை லாப நோக்குள்ள கம்பெனியில் சும்மா செய்தாலும் அது வேலையாகவே பார்க்கப்படலாம். கோயில், உணவு வங்கி, நூலகம், மருத்துவமனை மாதிரி எப்போதும் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கும் வேலை சரி. உதவித்தொகை என்ற பெயரில் பணம் தரும் முகாம் என்றால் எச்-4 என்பதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள், ஒரு குடியேற்ற வக்கீலையும் கேளுங்கள்.

கூடவே ஒன்று: எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதாவது காலேஜ் நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசா பேச்சு வரும். இதைப் பன்னிரண்டாவதில் யோசிக்காதீர்கள், இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: காலேஜ் சேர்க்கைக்கு எஸ்ஏடி தேர்வு இப்போது தேவையில்லையாமே?

பதில்: யார் சொன்னது? எம்ஐடி 2022-லேயே திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டது. டார்ட்மத், ஹார்வர்ட், பிரௌன், கால்டெக் எல்லாம் 2024-ல் அதே வழிக்கு வந்தன. யேலும் வந்தது, அங்கே ஏபி (ஹைஸ்கூலில் எழுதும் காலேஜ் தரத் தேர்வு) மதிப்பெண்ணும் செல்லும். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ கொடுத்தாலும் பார்ப்பதில்லை. இப்போது தேர்வு கணினியில், இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தேர்வு நடக்கும் புளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள், கான் அகாடமியில் பயிற்சி, இரண்டும் இலவசம். அவற்றை முடிக்காமல் ஆயிரக்கணக்கில் கோச்சிங் கட்டுவது வீண்.

கேள்வி (இல்லினாய், ஒன்பதாவது): மகள் டாக்டராக வேண்டும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தால் முன்கூட்டியே முடித்துவிடலாமே?

பதில்: முடிக்கலாம். சி கிரேடு வாங்கினால் அது அவளை முடித்துவிடும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அம்காஸ் முறையில், ஹைஸ்கூலில் படித்தபோது எடுத்த காலேஜ் பாடங்களின் மதிப்பெண்ணும் சேரும். பதினான்கு வயதில் வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கும். அவளுக்கு நன்றாக வரும் ஒரு பாடத்தில் தொடங்குங்கள். எடுப்பதற்கு முன் பள்ளி கவுன்சிலரைப் பாருங்கள். (இதை நான் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.)

கேள்வி: ஜூனில் மருத்துவமனையில் வாலண்டியராகச் சேர வேண்டும். எங்கே கேட்பது?

பதில்: நீங்கள் எழுதியது மே 28. கோடைக்கான விண்ணப்பத்தைப் பெரும்பாலான மருத்துவமனைகள் வசந்தத்துக்குள் மூடிவிடுகின்றன. பல இடங்களில் 16 வயது ஆகியிருக்க வேண்டும், தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். இந்தக் கோடைக்கு முதியோர் இல்லத்தைக் கேளுங்கள். அங்கே பேச்சுத்துணைக்கு எப்போதும் ஆள் தேவை, டாக்டராகப் போகிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி எது? அடுத்த ஜனவரியில் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்குக் கோடிங் பைத்தியம். போட்டி உண்டா?

பதில்: யூசாகோ, அமெரிக்காவின் கணினி ஒலிம்பியாட் போட்டி. இணையத்தில், இலவசம். வெண்கல நிலையில் தொடங்கி பிளாட்டினம் வரை ஏறலாம்.

கேள்வி: மகள் பெயரில் ஒரு நான்-பிராஃபிட் ஆரம்பித்தால் எடுபடுமா?

பதில்: ஒரு லோகோ, ஒரு இணையதளம், தலைவி உங்கள் மகள், பொருளாளர் நீங்கள். பன்னிரண்டாவது முடிந்த ஜூலையில் எல்லாம் மூடப்படும். விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

கேள்வி (ஜார்ஜியா, பன்னிரண்டாவது): பத்து வருடம் பரதநாட்டியம், போன வருடம் அரங்கேற்றம். விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்: பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பத்து ஆக்டிவிட்டிக்கு இடம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்து. அதில் "ஆயிரம் ஆண்டுப் பழமையான கலை" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். எத்தனை வருடம், வாரம் எத்தனை மணி நேரம், மேடையில் எவ்வளவு நேரம் தனியாக ஆடினாள், இளைய மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறாளா, அதுதான் வேண்டும். மண்டபத்தின் அலங்காரமும் வந்த விருந்தினர் எண்ணிக்கையும் வேண்டாம். சில கல்லூரிகள் கலைக்கென்று தனியாகக் காணொளி வாங்குகின்றன, கெடுவைப் பாருங்கள்.

கேள்வி: ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருப்பது கணக்கில் வருமா?

பதில்: தாராளமாக. ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேருக்கு ழகரம் சொல்லிக் கொடுத்தவருக்கு வேறு எந்த லீடர்ஷிப் சான்றிதழும் தேவையில்லை. இருமொழித் திறன் முத்திரையையும் விசாரியுங்கள். கலிஃபோர்னியா 2011-ல் சட்டமாக்கியது, இப்போது எல்லா மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் டிப்ளமாவில் பதியும், தமிழுக்கும் தேர்வு உண்டு. உங்கள் மாவட்டம் ஏற்கும் தேர்வு எது என்று பத்தாவதிலேயே கேட்டு வையுங்கள்.

கேள்வி: மகனின் கட்டுரையை நான் எழுதித் தந்தால் தப்பா?

பதில்: தப்பு. ஐம்பது வயதுக்காரர் எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரியும்.

கேள்வி (நியூ ஜெர்சி, பதினொன்றாவது, சிட்டிசன்): ஆன்ட்டி, அப்பா அம்மா இருவரும் சின்னக் கடை நடத்துகிறார்கள். ஸ்கூல் விட்டதும் தம்பியைக் கூட்டிவந்து, சமைத்துப் போட்டு, ஹோம்வொர்க் பார்ப்பேன். சனி ஞாயிறு கடையில் நிற்பேன். கிளப், போட்டி எதுவும் இல்லை. பத்து இடத்தில் என்ன எழுதுவது?

பதில்: வகுப்பு, மாநிலம், விசா மூன்றையும் முழுதாக எழுதிய மிகச் சிலரில் நீ ஒருத்தி. அதற்கே முதல் மார்க்.

பத்தையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. ஸ்கூல் மூன்று மணிக்கு விட்டு அவர்கள் எட்டு மணிக்கு வருகிறார்கள் என்றால் வாரத்துக்கு 25 மணி நேரம், அதை அப்படியே எழுது. கடையில் செய்வதைத் தனி வரியில் எழுது: கல்லாவா, சரக்கு எடுப்பதா, ஆங்கிலத்தில் வரும் பில்லைப் படித்துச் சொல்வதா? எதையும் பெரிதாக்காதே, சின்னதாக்கவும் செய்யாதே.

வீட்டு வருமானம் சுமார் 65,000 டாலருக்குக் கீழே என்றால் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளை நல்ல காலேஜ்களோடு இணைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் அமைப்பைப் பார். பதினொன்றாவதுக்கு ஒரு திட்டம் உண்டு, மார்ச்சில் மூடும். பன்னிரண்டாவதுக்குச் செப்டம்பர் கடைசியில் இன்னொன்று. எஸ்ஏடி கட்டண விலக்கும் உன் கவுன்சிலர் மூலம் கிடைக்கும். அவருக்கு உன்னைப்போல் நானூறு பிள்ளைகள் இருப்பார்கள், நீ போய்ச் சொன்னால்தான் தெரியும். எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு, ஸ்கூல் மூடுவதற்குள்.