வயதான குத்துச்சண்டை வீரர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாகக் குத்துச்சண்டையை விடாமல் பார்த்துவருகிறேன். 2025 ஜூலையில் வெம்பிளியில் 38 வயது உசிக், 27 வயது டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றிலேயே சாய்த்தார். செப்டம்பரில், 38-ஐத் தொடவிருந்த டெரன்ஸ் கிராஃபோர்ட் இரண்டு எடைப்பிரிவுகள் மேலே ஏறிப்போய் கனெலோ அல்வாரெஸை வென்றார். மற்ற விளையாட்டுகளில் முப்பத்தைந்து வந்தாலே ஓய்வைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அடிவாங்கும் விளையாட்டில் மட்டும் வயதானவர்கள் எப்படிக் கோலோச்சுகிறார்கள்? இளைஞர்களிடம் திறமை குறைந்துவிட்டதா? “எல்லாம் வியாபாரம்” என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கனெலோவுக்கும் அப்போது 35 வயது ஆகியிருந்தது. ஆகவே அதை மூத்தவரும் இளைஞரும் மோதிய சண்டை என்று சொல்ல முடியாது. உசிக்–டுபுவா சண்டைதான் உங்கள் கேள்விக்குப் பொருத்தமான உதாரணம்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் ராய் ஜோன்ஸும் பெர்னார்ட் ஹாப்கின்ஸும். 1993-இல் இருவரும் மோதினார்கள். ஜோன்ஸுக்கு 24, ஹாப்கின்ஸுக்கு 28. ஜோன்ஸ் தெளிவாக வென்றார். அதன்பின் பத்தாண்டுகள் அவரை நெருங்க ஆளில்லை என்றே சொல்லலாம். கைகளைத் தொங்கவிட்டபடி நிற்பார். ஜாப் (முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்து) போட்டு வழிசெய்துகொள்ளாமலே தூரத்திலிருந்து பாய்ந்து இடது ஹூக் (கையை வளைத்து வீசும் குத்து) வீசுவார். எந்தப் பயிற்சியாளரும் செய்யாதே என்று சொல்வதையெல்லாம் செய்து ஜெயித்தார். கண்ணிலும் காலிலும் அத்தனை வேகம் இருந்தது. 2004-இல், 35 வயதில், ஆன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். சில மாதங்களில் கிளென் ஜான்சனும் வீழ்த்தினார். வேகம் நூலளவு குறைந்ததும், அதுவரை மறைந்திருந்த தப்புகளெல்லாம் வெளியே வந்துவிட்டன.

ஹாப்கின்ஸ் அவரைவிட நான்கு வயது மூத்தவர். 2010-இல் இருவரும் மறுபடி மோதியபோது 45 வயது ஹாப்கின்ஸ்தான் வென்றார். பார்க்கச் சகிக்காத சண்டை அது, ஆனால் வென்றது அவர்தான். அடுத்த ஆண்டு மான்ட்ரியலில் ஜான் பாஸ்கலை வென்று, 46 வயதில் உலகப் பட்டம் பெற்றார். அதற்கு முன் அந்த வயதில் யாரும் உலக சாம்பியன் ஆனதில்லை. பாஸ்கலுக்கு 28 வயது. ஏழாவது சுற்று தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது தெரியுமா? பாஸ்கல் தன் மூலையிலிருந்து இன்னும் வரவில்லை. ரிங்கின் நடுவே ஹாப்கின்ஸ் தரையில் கையூன்றி தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். அதை வெறும் அலட்டல் என்று நான் நினைக்கவில்லை. “உனக்குத்தான் மூச்சு வாங்குகிறது, எனக்கு இல்லை” என்பதை எதிராளிக்கும் நடுவர்களுக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டார்.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. வயது முதலில் பறிப்பது கால்களின் துள்ளலையும் கண் பார்த்ததும் உடல் அசையும் வேகத்தையும். குத்தின் கனம் கடைசியில்தான் போகிறது. இடையில் சேர்ந்துகொண்டே போவது ஒன்று உண்டு, எதிராளியைப் படிக்கும் திறன். குத்து கிளம்புவதற்கு முன்பே தோள் லேசாக இறங்கும், முன்கால் அழுந்தும், இடுப்பு திரும்பும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் பயிற்சி செய்தவனுக்கு அது போதும். கை வருவதற்குள் அவன் அரையடி நகர்ந்திருப்பான். முன்கூட்டியே தெரிந்தவனுக்கு வேகம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அடுத்த முறை ஹாப்கின்ஸின் பழைய சண்டை ஒன்றைப் பார்த்தால், குத்துகளை விட்டுவிட்டு இடைவெளிகளைக் கவனியுங்கள். தோளை மட்டும் அசைத்துப் போக்குக் காட்டுவார், எதிராளி பதறி நான்கு குத்துகளைக் காற்றில் வீசுவான். ஒரே ஒரு வலதுகைக் குத்துப் போட்டுவிட்டு உடனே கட்டிப்பிடித்துக்கொள்வார். பிடியில் இருக்கும்போது தலையை எதிராளியின் தோளில் சாய்த்து முழு உடல் எடையையும் அவன்மேல் இறக்குவார். ரெஃபரி விலக்கிவிடும்வரை அவருக்கு ஓய்வு, அவனுக்கோ சுமை. பன்னிரண்டு சுற்றுகளுக்கு இப்படி நடந்தால் இளையவன்தான் களைப்பான்.

ஜார்ஜ் ஃபோர்மன் இதையே வேறு விதமாகச் செய்தார். 1994 நவம்பர், லாஸ் வேகாஸ். அவருக்கு 45, சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26. ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரர்தான் முன்னால். நேர் எதிரே நிற்காதே என்று மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோர்மனுக்கு ஓடிப் பிடிக்கக் காலில்லை. அடிகளை வாங்கியபடி, ஜாப்பை நீட்டியபடி, மெல்ல மெல்ல மூரரைத் தன் வலதுகை எட்டும் இடத்தில் நிற்கப் பழக்கினார். பத்தாவது சுற்றில் இடது, வலது. குட்டையான அந்த வலதுகைக் குத்து தாடையில் இறங்கியது, மூரர் மல்லாந்து விழுந்தார். ஃபோர்மன் தன் மூலைக்குப் போய் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. பிரபலமான பெயருக்காகச் சண்டை கிடைக்கும், பெயர் குத்தைத் தடுக்காது. வியாபாரம் உண்மையில் கெடுப்பது இளைஞர்களின் பயிற்சியைத்தான். சுகர் ரே ராபின்சன் 1946-இல் முதல் உலகப் பட்டத்தை வெல்வதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைச் சண்டைகளைக் கண்டிருந்தார். இன்று இருபது சண்டைகளுக்குள் பலர் பட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். தோல்வியே இல்லாத கணக்குதான் டிக்கெட் விற்கும் என்பதால், சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்கள் அந்த இருபதிலும் பெரும்பாலும் எளிய எதிராளிகளையே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நான்கு அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டத்துக்கான பெல்ட் கொடுப்பதால், பலசாலிகள் ஒருவரையொருவர் தவிர்ப்பதும் சுலபமாகிவிட்டது. சிக்கலில் மாட்டி, மூக்கில் ரத்தம் வழிய, ஒன்பதாவது சுற்றில் வழி தேடிய அனுபவம் அந்தப் பையனுக்கு எங்கிருந்து வரும்? முதல்முறை அந்த நிலைமை வரும்போது எதிரே நிற்பவர் அதை முப்பது முறை கடந்து வந்தவர்.

லோமசென்கோவைப் பாருங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற மேதை. 2014-இல் தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டார். எதிரே 33 வயது ஆர்லாண்டோ சாலிடோ, ஏற்கெனவே 12 தோல்விகள் கண்டவர். எடை வரம்பைத் தாண்டி வந்து, நெருங்கிப் பிடித்து, இடுப்புக்குக் கீழேயும் அடித்து, முரட்டுத்தனமாகப் புள்ளிக்கணக்கில் வென்றுவிட்டார் சாலிடோ. எடை மீறியதால் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மூன்று சுற்று ஒலிம்பிக் சண்டைகளில் சந்திக்காத ஒன்றை லோமசென்கோ அன்று சந்தித்தார், அதன்பின் மிகச் சிறந்த சாம்பியன் ஆனார்.

எல்லா எடையிலும் மூத்தவர்களே வெல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். சிறிய எடைகளில் வேகம் போனால் எல்லாம் போயிற்று. 2000-இல் பிறந்த ஜெஸ்ஸி ‘பாம்’ ரோட்ரிகஸ், 22 வயதில் 35 வயது ஸ்ரீசாகெத்தையும், 24 வயதில் 34 வயது எஸ்ட்ராடாவையும் முடித்துவைத்தார். மிக அதிக எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் ஒரே குத்து முழுச் சண்டையையும் புரட்டிப்போடும் என்பதால், அங்கே பொறுமைக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று, நாற்பதில் ரிங்கில் நிற்பவர்தான் நம் கண்ணில் படுகிறார். அவரோடு ஆரம்பித்து முப்பதிலேயே உடைந்துபோனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

மூத்தவர்கள் வெல்லும்போது எனக்கு வரும் மகிழ்ச்சியில் பயமும் கலந்தே இருக்கிறது. எதிராளியைப் படிக்கும் திறன் வளர்கிறது, மண்டைக்குள் விழுந்த அடிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஹாப்கின்ஸே 2016-இல், 52-ஐத் தொடவிருந்த வயதில், ஜோ ஸ்மித்தின் குத்தில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். 1980-இல் 38 வயது முகமது அலி, லாரி ஹோம்ஸிடம் ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும், அலியின் மூலையில், அதாவது அவருடைய உதவிக் குழுவில், இருந்த இன்னொருவர் தொடரச் சொல்லி மன்றாடியும், பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். நான்கு ஆண்டுகளில் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியானது. ஆகவே நாற்பதைக் கடந்தவர் மோதும் சண்டை என்றால், அவர் மூலையில் டண்டியைப் போல ஒருவர் இருக்கிறாரா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

அன்புடன்.