‘நைஸ்’ என்று ஒரு வசவு

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆரம்பத்தில் ‘முட்டாள்’ என்றுதான் பொருள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சிலர் நம்பவில்லை, சிலர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் அது தமிழ்ச் சொல் என்றே சாதிக்கிறார். சரி, இந்த முறை முழுக்க ‘நைஸ்’.

கேள்வி: ‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று எழுதியது விளையாட்டுக்கா, நிஜமாகவேவா?

பதில்: நிஜமாகவேதான். லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதன் முன்னால் ‘இல்லை’ என்று சொல்லும் ‘நெ’ ஒட்டிக்கொண்டு ‘நெஸ்கியுஸ்’ ஆனது, அதாவது ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சுக்குள் போய்த் தேய்ந்து, இன்றைக்கு எழுதுகிற அதே நாலு எழுத்தாகச் சுருங்கியது. 1066-ல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் புகுந்தன, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. 1300 வாக்கில் ஆங்கில எழுத்தில் இது தலைகாட்டும்போது பொருள் ‘விவரமில்லாத, மடத்தனமான’ என்பதுதான். அடுத்த நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாஸரும் அந்தப் பொருளில்தான் கையாள்கிறார். அன்றைக்கு ஒருவரைப் பார்த்து ‘நைஸ்’ என்று சொல்லியிருந்தால் சண்டைதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அதே ‘ஸ்கீரே’யிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். மனசாட்சியைச் சொல்லும் கான்ஷியன்ஸ், சுயநினைவைச் சொல்லும் கான்ஷியஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளே. அறிவைச் சொல்லும் சயின்ஸும் அறியாமையைச் சொன்ன நைஸும் ஒரு வயிற்றில் பிறந்தவை, வளர்ந்த இடம்தான் வேறு. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் மட்டும் பழையதை விடவில்லை, ‘நெஸியோ’ என்றால் அவர்களுக்கு இன்றைக்கும் முட்டாள்தான்.

கேள்வி: அப்படியென்றால் முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்? நடுவில் யார் மாற்றினார்கள்?

பதில்: யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அங்குலம் நகர்த்தியிருக்கிறது. விவரமில்லாதவன் நாலு பேர் முன்னால் கூச்சப்படுவான், அதனால் ‘கூச்ச சுபாவமுள்ள’ என்று ஒரு பொருள் வந்தது. கூச்சப்படுகிறவன் எதையும் சட்டென்று தொடமாட்டான், இது வேண்டாம் அது வேண்டாம் என்று ஒதுக்குவான், அதனால் ‘எதிலும் குறை காண்கிற, நசநசவென்று பிடுங்குகிற’ என்று ஆனது, இது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நடந்துவிட்டது. குறை காண்கிறவனுக்குத்தானே மற்றவர் கண்ணில் படாத சின்ன வித்தியாசம்கூடப் படும்? அங்கிருந்து ‘நுட்பமான, துல்லியமான’. நுட்பமாகச் செய்த வேலை பார்க்க நன்றாக இருக்கும், நன்றாக இருப்பது மனதுக்கு இதமாக இருக்கும். இப்படி ஊர்ந்து ஊர்ந்து 1769 வாக்கில் ‘இனிமையான’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. ‘அன்பாகப் பழகுகிற’ என்று மனிதர்களுக்குச் சொல்வது அதற்கும் பிறகு, 1830 வாக்கில்தான்.

நான் சொன்னதைப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் நடந்தது அப்படி இல்லை. எல்லாப் பொருளும் ஒரே சமயத்தில் கலந்துகட்டிப் புழங்கின. 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை மனதில் வைத்தார் என்று சொல்வது கடினம் என்று ஆக்ஸ்போர்டு அகராதியே கையை விரித்திருக்கிறது. ரோமியோ ஜூலியட்டில் போய்ச் சேராத அந்தக் கடிதம் நினைவிருக்கிறதா? அது ‘நைஸ்’ ஆன கடிதம் இல்லை என்று பாதிரியார் பதறுவார். இனிமையான கடிதம் இல்லை என்று படித்தால் தப்பு. ‘அற்ப விஷயம் இல்லை அது’ என்கிறார்.

கேள்வி: வாட்டர்லூ போரை ‘நைஸ்’ என்று வெலிங்டன் சொன்னதாகப் படித்தேன். அத்தனை பேர் செத்த போரை ஒரு தளபதி அப்படிச் சொல்வாரா?

பதில்: சொன்னார், ஆனால் நீங்கள் நினைக்கிற பொருளில் இல்லை. நெப்போலியனை வெலிங்டனின் படை தோற்கடித்த அந்தப் போர் நடந்தது 1815 ஜூன் 18. மறுநாள் பிரஸ்ஸல்ஸில் தாமஸ் கிரீவி என்ற ஆங்கிலேய அரசியல்வாதி வெலிங்டனைச் சந்திக்கிறார், பேசியதை எழுதியும் வைக்கிறார். தானும் தன் கூட்டாளியான பிரஷ்யத் தளபதி ப்ளூஷரும் 30,000 பேரை இழந்துவிட்டதாகச் சொன்ன கையோடு, பயங்கர ‘நைஸ்’ ஆன சமாசாரம் அது என்கிறார் வெலிங்டன். அடுத்த மூச்சிலேயே விளக்கமும் தருகிறார், இவ்வளவு நூலிழையில் தப்பியதை நீ வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டாய் என்று. ஆக, அவர் சொன்ன நைஸ் ‘நூலிழை’. தராசு முள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆடுகிறதே, அந்த நுட்பம். முன்னால் பார்த்த ‘துல்லியமான’ என்ற பொருளின் கிளை அது.

இந்தக் கிளை இன்னும் பட்டுப்போகவில்லை. இரண்டு சட்டக் கருத்துகளுக்கு நடுவே ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் மயிரிழை வேறுபாடு என்று அர்த்தம். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள், அதில் வந்த அதே தொடரை ‘அழகான வேறுபாடு’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘எது அழகு?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அகராதியில் பத்தி முழுதும் படிக்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது.

கேள்வி: ‘நைசாகப் பேசிக் காரியம் சாதித்துவிட்டான்’ என்கிறோம், ‘நைச்சியம்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலேயர் நம்மிடமிருந்துதானே ‘நைஸ்’ எடுத்திருக்க வேண்டும்?

பதில்: ஆசை நியாயம்தான், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. கட்டுமரம், சுருட்டு மாதிரி நம்மிடமிருந்து போன சொற்கள் கப்பலேறியவர்களின் எழுத்து வழியாகப் போனவை, தடம் இருக்கிறது. ‘நைஸ்’ ஆங்கிலத்துக்குள் வந்தபோது எந்த ஆங்கிலேயக் கப்பலும் நம் கரைப் பக்கம் வந்திருக்கவில்லை. அதன் தடம் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போகிறது.

நைச்சியத்தின் கதை தனிக் கதை. அது வடமொழி வழி வந்தது, ‘நீசம்’ என்பதோடு உறவு. தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று பொருள். வைணவத்தில் பக்தன் தன் சிறுமையை எண்ணிச் சொல்வதை நைச்சியானுசந்தானம் என்பார்கள். கடவுள் முன் பணிந்து நின்ற சொல், காரியம் ஆக வேண்டியவர் முன்னால் குழைந்து நிற்கவும் பழகி, கடைசியில் தேன் தடவிப் பேசுகிற தந்திரமாகிவிட்டது. ஒன்று தாழ்விலிருந்து கிளம்பியது, இன்னொன்று அறியாமையிலிருந்து கிளம்பியது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஆங்கில ‘நைஸ்’ நம் வாய்க்கு வந்து சேர்ந்தபோது ‘நைச்சியம்’ ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. ‘நைசாக நழுவிவிட்டான்’ என்பதில் இருக்கிற கள்ளத்தனம் ஆங்கிலச் சொல்லில் கிடையாது. அது நைச்சியம் கொடுத்த வாசனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: மாவை ‘நைசாக அரை’ என்கிறோமே, அது எந்த நைஸ்?

பதில்: நல்ல கேள்வி, இந்தக் கடிதக் கட்டிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் மாவுக்கு ‘நைஸ்’ சொல்லமாட்டார்கள், ‘ஃபைன்’ என்பார்கள். ஆனால் ‘நுண்மை’ என்ற பொருள் நைஸுக்கும் உண்டு என்று மேலே பார்த்தோம். அது அங்கே படிப்பாளிகளின் எழுத்தில் ஒதுங்கிவிட, நம் அம்மிக்கும் மிக்ஸிக்கும் நடுவே சௌக்கியமாக இருக்கிறது. கூடவே நமக்கு ‘நைதல்’ என்ற சொந்த வினை வேறு உண்டு. நைந்த துணி, நையப் புடைப்பது எல்லாம் அதன் வழி. ‘நைய’ அரைத்த காதுக்கு ‘நைஸாக’ அரைப்பது அந்நியமாகப் பட்டிருக்காது.

கேள்வி: பள்ளியில் கட்டுரை எழுதும்போது ‘நைஸ்’ போட்டால் மதிப்பெண் குறைக்கிறார்கள். ஏன் இந்தப் பகை?

பதில்: பழைய பகை. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல் ‘நார்த்தாங்கர் அபி’, அவர் 1817-ல் இறந்த பிறகு அதே ஆண்டுக் கடைசியில் வெளிவந்தது. அதில் கதாநாயகி ஒரு நாவலை ‘நைஸ்’ என்று புகழ்கிறாள். நாயகன் ஹென்றி கேலி செய்கிறான்: நேர்த்தி என்கிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது! அப்புறம், நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் என்று நீட்டி முழக்குகிறான். நேர்த்தியையும் நயத்தையும் குறிக்கத்தான் ஆதியில் இந்தச் சொல் இருந்திருக்கும், இப்போது எல்லாப் பாராட்டுக்கும் இது ஒன்றே என்பது அவன் புகார். ஹென்றிக்கே ஆதிப் பொருள் தெரியவில்லை பாருங்கள். உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம், மதிப்பெண் கூடும் என்று நான் பொறுப்பேற்க முடியாது. அவர் கேட்பதும் நியாயம்தான், ‘நைஸ்’ என்று எழுதினால் குளிரா, வெயிலா, மழை விட்ட நேரமா என்று படிப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை.

கேள்வி: மூலப் பொருள் முட்டாள் என்றால், இனி யாரையும் ‘நைஸ்’ என்று சொல்லக் கூடாதுதானே?

பதில்: அப்படிப் பார்த்தால் பூவைப் பார்த்து ‘என்ன நாற்றம்!’ என்று நாம் புகழ வேண்டும். திருக்குறள் மொட்டுக்குள் இருக்கிற மணத்தை நாற்றம் என்றுதான் சொல்கிறது. இன்றைக்குச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஸில்லி’ நேர் எதிராகப் போனது, ஆசீர்வதிக்கப்பட்டவர் என்று தொடங்கி, அப்பாவியாகி, பரிதாபத்துக்குரியவராகி, அசடாக முடிந்தது. அதன் ஜெர்மன் உறவான ‘ஸேலிஷ்’ இன்னும் பேறு பெற்றவராகவே இருக்கிறது. ஸில்லி இறங்கிய படியில் நைஸ் ஏறியிருக்கிறது. இன்று பேசுகிறவர் என்ன நினைத்துச் சொல்கிறாரோ அதுதான் பொருள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் நைஸ் நகரம்?

பதில்: அது நீஸ். கிரேக்கக் குடியேறிகள் வைத்த ‘நிகாயா’ என்ற பெயரின் தேய்வு, வெற்றித் தேவதை நிகேயின் பெயரோடு சேர்ந்தது. ஷூ விற்கும் நைக்கியும் அதே தேவதைதான். முட்டாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: நான் எழுதிய கதையை நண்பருக்கு அனுப்பினேன். ‘நைஸ்’ என்று ஒரே ஒரு சொல் பதில் வந்தது. பாராட்டா, படிக்கவே இல்லையா?

பதில்: குரல் கேட்காமல் சொல்வது கஷ்டம். கையிலிருந்த தட்டைக் கீழே போட்டவரைப் பார்த்தும் ‘நைஸ்!’ என்றுதான் சொல்கிறார்கள். கதையின் முடிவில் யார் கதவைத் திறந்தார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.