கார்ட்டூன் தொடரில் ஒருவரே வரையவும் எழுதவும் குரல் கொடுக்கவும் முடியுமா?

தொலைக்காட்சிக் கார்ட்டூன் துறையில் அனிமேட்டர், எழுத்தாளர், குரல் நடிகர் ஆகிய மூன்று வேலைகளையும் ஒருவரே பார்க்க முடியுமா, இல்லை இரண்டைத் தலைமுழுகிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் கால் வைத்தால் ஒன்றிலும் தேற மாட்டாய் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகள் அனிமேட்டராக இருந்துவிட்டு, பதினான்கு ஆண்டுகளாக ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையான படங்களாக முன்கூட்டித் திட்டமிடும் வரைவு, வரைந்து பிழைப்பவன் நான். அந்தச் சொல் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடியும். பெயர்ப்பட்டியலில் மிஸ்டர் லாரன்ஸ் என்று வரும் டக் லாரன்ஸ், 1993-இல் தொடங்கிய ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’ தொடரில் ஃபில்பர்ட் என்ற ஆமைக்குக் குரல் கொடுத்துக்கொண்டே அதற்கு எழுதவும் செய்தார். 1999-இல் ‘ஸ்பாஞ்ச்பாப்’ வந்தபோது ஒற்றைக்கண் பிளாங்க்டனின் குரலும் அவருடையதே. அத்தொடரின் கதை எழுதுவோரிலும் அவர் ஒருவர். பெண்டில்டன் வார்டு, 2010-இல் தொடங்கிய தன் ‘அட்வென்ச்சர் டைம்’ தொடரில் லம்ப்பி ஸ்பேஸ் பிரின்சஸாகத் தானே பேசினார். 2012-இல் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ், அதில் ஸ்டான், ஸூஸ் இருவருக்கும் குரல் கொடுத்தார். இன்னும் பின்னால் போனால், ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் டாமின் வால் நசுங்கும்போது எழும் அந்த அலறல், அப்படங்களை இயக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் தொண்டையிலிருந்து வந்தது.

வயது போய்விட்டதே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். ஸ்பாஞ்ச்பாபை உருவாக்கிய ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் 1961-இல் பிறந்தவர்; கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அனிமேஷன் பயின்று, 1992-இல்தான் பட்டம் பெற்றார்.

இந்த மூன்று வேலைகளும் சந்திக்கும் இடம் ஸ்டோரிபோர்டு மேசை. சில தொடர்களில் முழு வசனத்தோடு எழுதப்பட்ட பிரதி கைக்கு வரும். அதை வரைந்து கொடுத்தால் போதும். நான் மேலே சொன்ன ஸ்பாஞ்ச்பாப், அட்வென்ச்சர் டைம் போன்ற தொடர்களிலோ சில பக்கக் கதைச்சுருக்கம் மட்டுமே வரும். வசனம், நகைச்சுவை, பாத்திரம் எந்த நொடியில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது வரை போர்டு வரைபவரே எழுத வேண்டும். வரைந்ததை அறையிலுள்ளவர்களுக்கு முன் எல்லாப் பாத்திரங்களாகவும் பேசி நடித்துக் காட்டவும் வேண்டும். அதாவது நீங்கள் தனித்தனியாக நினைத்துக் கவலைப்படும் மூன்றையும் ஒருவர் ஒரே மதிய வேளையில் செய்கிறார். அதற்கு ஒரு பெயரும் ஒரு சம்பளமும்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். பலர் குரல் என்றால் மொழிமாற்றுப் படங்களின் டப்பிங்கை நினைக்கிறார்கள். அங்கே வாய் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும், குரல் அதற்குள் நுழைய வேண்டும். மூலத் தொடரில் குரல்தான் முதலில் பதிவாகிறது. அந்த ஒலியை வினாடிக்கு 24 ஃபிரேம் (படச் சட்டம்) என்ற கணக்கில் பிரித்து, எந்த ஃபிரேமில் எந்த ஒலி என்று காட்டும் அட்டவணையான எக்ஸ்போஷர் ஷீட்டில் ஒவ்வோர் எழுத்தாகக் குறித்துவைத்து, பிறகுதான் வாயை வரைகிறோம். ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் உதடு மூட வேண்டும், அதுவும் ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்னதாகவே மூடியிருக்க வேண்டும்; ‘வ’ வந்தால் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். பதினொரு நிமிட அத்தியாயம் ஒன்றில் 15,840 ஃபிரேம்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வரைந்தாலும் 7,920 படங்கள். இந்த வேலையை ஐந்து ஆண்டுகள் செய்தவனுக்கு, பேச்சு எங்கே மூச்சு வாங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் குரல் வேலை வந்தது. ஓர் அத்தியாயத்தில் ஒரே ஒரு காட்சிக்கு ஒரு கிழக் கழுதை வரும். சுமையை இறக்கி வைத்துவிட்டு, ‘இரு, வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே 14 ஃபிரேம், அதாவது அரை வினாடிக்குச் சற்று அதிகமாக, ஒரு பெருமூச்சை வைத்து நான் போர்டு வரைந்திருந்தேன். முதல் படத்தில் காது நிமிர்ந்திருக்கும், மூச்சு வெளியேற வெளியேறக் காது சரியும், முழுவதும் சரிந்த பிறகே ‘வருகிறேன்’. போர்டுப் படங்களை ஒலியோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக்கில் வைப்பதற்காக, துணி தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டு, என் குரலிலேயே ஸ்கிராட்ச் என்னும் தற்காலிகக் குரலைப் பதிந்து கொடுத்தேன். பின்னால் குரல் நடிகர் வந்து பேசுவார், இது அழிந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு.

வந்தவர் நான் சிறுவனாக இருந்தபோதே மைக் முன் நின்றவர். ஒரு காலைப் பொழுது முழுவதும் பேசிப் பார்த்தார். குரலில் ஒரு குறையும் இல்லை, என்னுடையதைவிடப் பல மடங்கு வளமான குரல். ஆனால் மூச்சு ஒன்பது ஃபிரேமில் முடிந்துவிடும், அல்லது இருபதுக்கு நீண்டுவிடும். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, “இந்த மூச்சு என்கிட்ட வரல தம்பி. காது எப்ப சரியும்னு உனக்குத்தானே தெரியும், நீயே பேசிடு” என்றார். அவர் பெருந்தன்மையால் கிடைத்த வாய்ப்பு அது. அந்தக் கழுதை அதன்பின் ஒன்பது அத்தியாயங்களில் வந்தது. அதில் நான்கின் கதை நான் எழுதியது.

குரல் கலைஞர்களின் சோற்றில் மண் போடுகிறீர்கள் என்று யாரேனும் கீழே எழுதக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: வரைபவர்கள் எல்லோரும் பேசலாம் என்று நான் வாதிடவில்லை. மெல் பிளாங்க் போல ஒரே தொண்டையில் பக்ஸ் பன்னியையும் டாஃபி வாத்தையும் போர்க்கி பன்றியையும் வைத்திருந்தவரின் வேலையை எந்த அனிமேட்டராலும் செய்ய முடியாது. பத்துப் பாத்திரங்களை ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பேசுவது தனிப் பயிற்சி. என்னால் இன்றும் இரண்டுக்கு மேல் முடியாது.

என் குறை வேறு. அந்த ஒன்பது அத்தியாயங்களிலும் கழுதைக்கு நேரே யார் பெயரும் இல்லை. ‘கூடுதல் குரல்கள்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே வெற்றிடம். கேட்டபோது, நீங்கள்தான் போர்டில் ஏற்கெனவே இருக்கிறீர்களே, ஒரே பெயர் எத்தனை முறை வருவது என்றார்கள். எழுதிய நான்கு அத்தியாயங்களிலும் அதே பதில்தான். பணத்தைவிட இதுதான் எனக்கு வலித்தது, ஏனென்றால் அடுத்த நிறுவனத்தில் நான் எழுதுவேன், பேசுவேன் என்று சொன்னபோது காட்டுவதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. மீண்டும் படம் மட்டும் வரையும் வேலையிலிருந்து தொடங்கினேன்.

ஆகவே, வரைவதில் தொடங்குங்கள். அனிமேட்டராகச் சில ஆண்டுகள் வாயும் கண்ணும் வரைந்த பிறகு ஸ்டோரிபோர்டுக்குப் போங்கள். சேரும் இடம் வசனத்தோடு பிரதி கொடுக்குமா, கதைச்சுருக்கம் கொடுக்குமா என்பதை நேர்காணலிலேயே கேளுங்கள், முதல் வகையில் எழுத வாய்ப்பு வருவது அரிது. ஸ்கிராட்ச் பேசச் சொன்னால் ஒருபோதும் மறுக்காதீர்கள். கையெழுத்திடும் முன், ஸ்டோரிபோர்டு, எழுத்து, குரல் மூன்றும் ஒப்பந்தத்தில் மூன்று தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கிராட்ச் குரலே ஒளிபரப்பில் நிலைத்துவிட்டால் பெயரும் ஊதியமும் உண்டு என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் அந்த வரியை எழுதித் தர முதலில் தயங்கினார்கள், இரண்டாம் முறை கேட்டபோது எழுதிக் கொடுத்தார்கள்.